பத்து நிமிடத்தில் ஒரு விடை: யூரியா மூச்சுச் சோதனையை மூன்று முறை செய்துகொண்டவரின் மதிப்புரை

பெர்த்தின் வெலிங்டன் தெருவில் உள்ள ராயல் பெர்த் மருத்துவமனையைத் தாண்டித்தான் நான் பதினொரு ஆண்டுகளாக வேலைக்குப் போய் வருகிறேன். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா குடியிருக்கிறதா என்று அறிவதற்கான யூரியா மூச்சுச் சோதனையை ஓராண்டுக்குள் மூன்று முறை செய்துகொண்ட பிறகே, அந்தச் சோதனையின் வேர் அதே மருத்துவமனையில், ஒரு நோயியல் வல்லுநரின் நுண்ணோக்கி மேசையில் இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டேன். சோதனையைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் அதன் நிறைகுறைகளை எழுதுவதே என் நோக்கம். ஆனால் அதை உருவாக்குவதில் பங்குகொண்ட ராபின் வாரனின் ஆய்வு வாழ்க்கையைத் தொடாமல் அவற்றை முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அவர் எதைப் பார்த்தார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான், இந்தச் சோதனை எதைப் பார்ப்பதில்லை என்பதும் விளங்குகிறது.

முதலில் சோதனையைப் பற்றி. இந்தப் பாக்டீரியா யூரியேஸ் என்ற நொதியைப் பெருமளவில் சுரக்கிறது. அந்த நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா சுற்றிலும் உள்ள அமிலத்தைத் தணிப்பதால், வேறு கிருமிகள் மடிந்துபோகும் இரைப்பையில் இது மட்டும் நிலைத்து வாழ்கிறது. அடையாளமிடப்பட்ட கரியணு (கார்பன் அணு) கொண்ட யூரியாவை நாம் விழுங்கினால், பாக்டீரியா இருக்கும் வயிற்றில் அது உடைந்து, அடையாளமுள்ள கரியமில வாயு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளிவரும். பாக்டீரியா இல்லாவிட்டால் யூரியா உடையாமலே சிறுநீரில் போய்விடும். கார்பன்-14 கொண்டு செய்வது, கார்பன்-13 கொண்டு செய்வது என இதில் இரண்டு வகைகள் உள்ளன. முன்னது மிக நுண்ணிய அளவில் கதிரியக்கம் உடையது, பின்னது கதிரியக்கமே இல்லாதது. நான் செய்துகொண்டது முதல் வகை. அதன் கதிர்வீச்சு, ஒரு நாளில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாக நம்மீது படுவதைவிடக் குறைவு என்பதால் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. இருந்தாலும் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கார்பன்-13 வகையையே பரிந்துரைக்கிறார்கள்.

என் கதை நெஞ்செரிச்சலில் தொடங்கியது. மேல்வயிற்றில் மந்தமான வலி, சாப்பிட்ட உடனே வயிறு உப்பிக்கொள்வது, விடியற்காலையில் பசியும் எரிச்சலும் கலந்த ஒரு சங்கடம் ஆகியவற்றை ஊரில் எல்லாரும் சொல்வதுபோல 'கேஸ் டிரபிள்' என்றே நான் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். குடும்ப மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே நான் எங்கே பிறந்து வளர்ந்தேன் என்பதுதான். கேள்வியின் காரணம் அப்போது புரியவில்லை. இந்தத் தொற்று பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பரவுகிறது என்றும், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்களைவிடத் தொற்று மிகுந்த நாடுகளிலிருந்து குடியேறியவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் அவர் பிறகு விளக்கினார். திருநெல்வேலியில் ஏழு பேர் ஒரே குடத்து நீரை மொண்டு குடித்து வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

முதல் முறை சோதனை வீணானது. நான் போன, பரிசோதனை மாதிரிகள் சேகரிக்கும் மையம் கொடுத்த தாளில் ஆறு மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் வர வேண்டும் என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாடிக் அல்லது பிஸ்மத் மருந்து எடுத்திருந்தால் நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை, வரவேற்பில் இருந்தவரும் கேட்கவில்லை. நானோ முந்தைய இரவு வரை பான்டோபிரசோல் என்னும் அமிலக் குறைப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லாது. ஆனால் அதன் எண்ணிக்கையையும் யூரியேஸ் செயல்பாட்டையும் தாழ்த்திவிடுவதால், தொற்று உள்ளவருக்கும் இல்லை என்று பொய்யான விடை வரக்கூடும். எனக்கு 'இல்லை' என்றே வந்தது. மருத்துவர் என் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த விடையை ஒதுக்கி வைத்தார். சுமார் 95 விழுக்காடு துல்லியம் உடையது என்று மருத்துவ நூல்கள் சொல்லும் ஒரு சோதனையை, ஒரு வரி விடுபட்ட தாள் பயனற்றதாக்கிவிட்டது என்பதுதான் இந்தச் சேவை மீது எனக்குள்ள முதல் குறை.

மாத்திரையை நிறுத்திய இரண்டு வாரங்களும் எளிதாக இருக்கவில்லை. அடக்கி வைத்திருந்த அமிலம் வட்டியோடு திரும்பி வந்தது. எரிச்சல் தாங்காத இரவுகளில் சாதாரண அமில எதிர்ப்புத் திரவம் குடிக்க மருத்துவர் அனுமதித்தார். இரண்டாம் முறை வேறொரு மையத்துக்குப் போனேன். அங்கிருந்த செவிலியர் மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டு, கடைசியாக உட்கொண்ட தேதிகளைக் குறித்துக்கொண்ட பிறகே யூரியா மாத்திரையைத் தந்தார். சிறு குவளைத் தண்ணீரோடு அதை மெல்லாமல் விழுங்க வேண்டும். மெல்லக்கூடாது என்பதற்குக் காரணம், வாயில் வாழும் வேறு கிருமிகளிடமும் யூரியேஸ் இருக்கிறது என்பதுதான். சில நிமிடங்களில் இன்னொரு சிறு குவளைத் தண்ணீர். விழுங்கியதிலிருந்து பத்தாவது நிமிடத்தில், மூச்சைச் சற்றே அடக்கி, ஒரு உறிஞ்சுகுழல் வழியே பளபளப்பான பலூன் ஒன்றை ஊதி நிரப்ப வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. பிறந்தநாள் வீட்டில் நிற்பதுபோல ஒரு கூச்சம் மட்டும் இருந்தது.

ஆய்வகத்தில் அந்த மூச்சின் கதிரியக்கத்தை எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை சிதைவுகள் என்று எண்ணாகத் தருகிறார்கள். 50-க்குக் கீழே இருந்தால் தொற்று இல்லை, 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று உண்டு, இடைப்பட்டது உறுதியற்றது. என் எண் 200-ஐ வெகுதூரம் தாண்டியிருந்தது. இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு தெளிவாக விடை தரும் மருத்துவச் சோதனைகள் குறைவு.

இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு நிதானமான மனிதரின் உழைப்பு. ராபின் வாரன் 1937-இல் அடிலெய்டில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்து, 1968-இல் ராயல் பெர்த் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராகச் சேர்ந்து, 1999-இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தவர். அவர் செய்தது ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பணியே இல்லை. எண்டோஸ்கோபியில், அதாவது வாய்வழியே குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் முறையில், எடுக்கப்பட்டு வரும் திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய அன்றாட வேலை. 1979 ஜூன் 11 அன்று, அதாவது அவருடைய 42-ஆம் பிறந்தநாளில், இரைப்பைத் திசு ஒன்றின் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடுவதைக் கண்டார். உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தபோது அது வளைந்த நுண்ணுயிர்களின் திரளாகத் தெரிந்தது. சக மருத்துவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. ஆகவே வெள்ளியைக் கொண்டு சாயமேற்றும் வார்த்தின்-ஸ்டாரி முறையில் அதே திசுவைப் பார்த்தார். இப்போது பாக்டீரியாக்கள் கருமையாக, யாரும் மறுக்க முடியாதபடி தெரிந்தன.

அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்பதே அன்று மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கப்பட்டது. இத்தனைக்கும் அவற்றைப் பார்த்த முதல் மனிதர் வாரன் இல்லை. இத்தாலியில் பிட்சொட்செரோ 1893-இலேயே நாய்களின் இரைப்பையில் சுருள் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதியிருந்தார். இரைப்பைச் சவ்வில் யூரியேஸ் இருப்பதை லக் என்பவர் 1924-இல் காட்டியிருந்தார். ஆனால் 1954-இல் அமெரிக்காவில் பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் திசுக்களைப் பார்த்து எதிலும் கிருமி இல்லை என்று அறிவித்தபின், இரைப்பைக் கிருமி பற்றிய பேச்சு ஏறத்தாழ அடங்கிவிட்டது. பால்மர் வெள்ளிச் சாயத்தைப் பயன்படுத்தவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். எந்தச் சாயம், எந்த இடத்துத் திசு, எந்தக் கேள்வி என்பவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. பான்டோபிரசோல் விழுங்கிவிட்டுப் பலூனை ஊதிய எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது.

வாரனின் கண்ணில் அது பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1970-களில் வளையும் எண்டோஸ்கோபி பரவியபோது, அறுவையிலோ இறப்புக்குப் பின்னோ கிடைத்துவந்த கெட்டுப்போன திசுக்களுக்குப் பதிலாக, உயிரோடு இருப்பவர்களின் இரைப்பையிலிருந்து எடுத்த உடனே பதப்படுத்தப்பட்ட சிறு துணுக்குகள் நோயியல் வல்லுநர்களுக்குக் கிடைக்கத் தொடங்கின. வாய்ப்பு எல்லாருக்கும் வந்தது. நீலக் கோட்டை அழுக்கு என்று கழிக்காமல் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஒத்த திசுக்களைத் தனியாகச் சேகரித்துக்கொண்டே போனவர் இவர். மனநல மருத்துவரான மனைவி வின் மட்டுமே அந்நாட்களில் அவருக்கு ஊக்கம் தந்தார். பாக்டீரியா இருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு குறிப்பிட்ட வகை அழற்சியும் கூடவே இருப்பதை வாரன் கவனித்ததுதான், என் பார்வையில், அவருடைய ஆய்வின் மையம். கிருமியைக் கண்டது ஒரு நாள் வேலை. அதற்கும் நோய்க்கும் உள்ள உறவைத் திசுவின் வடிவத்திலேயே படித்தது பல ஆண்டு வேலை.

1981-இல் அதே மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல் ஆய்வுக்குப் பொருள் தேடி வந்தபோது வாரன் தன் சேகரிப்பைக் காட்டினார். எண்டோஸ்கோபிக்கு வந்த 100 பேரிடம், புண் இல்லாத இடத்திலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். புண்ணின் ஓரத்துத் திசுவில் எல்லாமே சிதைந்திருக்கும் என்பதால், புண்ணற்ற இடத்தைக் கேட்டு வாங்கியது நோயியல் வல்லுநரின் முன்யோசனை. 58 பேரிடம் வளைந்த பாக்டீரியாக்கள் தெரிந்தன. முன்சிறுகுடல் புண், இரைப்பைப் புண் உள்ளவர்களில் ஏறத்தாழ அனைவரிடமும் இருந்தன. அவற்றை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றது. வழக்கமாக இரண்டு நாட்களில் தட்டுகளை வீசிவிடுவார்கள். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகள் கூடுதல் நாட்கள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்தபோதுதான் கிருமி வளர்ந்தது. இருவரும் தனித்தனியே எழுதிய கடிதங்கள் 1983 ஜூனிலும், முழு ஆய்வுக் கட்டுரை 1984 ஜூனிலும் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட கதை அனைவரும் அறிந்தது என்பதால் அதில் நான் தங்கவில்லை.

மருத்துவர்களைக் கடைசியில் அசைத்தது 1988-இல் இவர்கள் வெளியிட்ட சிகிச்சை ஆய்வு. பாக்டீரியா நீங்கியவர்களில் 92 விழுக்காட்டினருக்கு முன்சிறுகுடல் புண் ஆறியது. ஓராண்டுக்குள் 21 விழுக்காட்டினருக்கே திரும்பியது. பாக்டீரியா நீடித்தவர்களில் 61 விழுக்காட்டினருக்குத்தான் புண் ஆறியது. 84 விழுக்காட்டினருக்குத் திரும்பி வந்தது. ஆனால் கிருமி நீங்கியதா என்று அறிய ஒவ்வொரு முறையும் குழாயை விழுங்க வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அந்த இடத்தில்தான் மூச்சுச் சோதனை வருகிறது. ராயல் பெர்த்தில் ஐவர் சர்வேயர் (Ivor Surveyor) என்ற மருத்துவருடன் சேர்ந்து இவர்கள் கார்பன்-14 சோதனையை உருவாக்கினார்கள். தன் வாழ்நாளை நுண்ணோக்கிக்குக் கொடுத்த ஒருவர், நுண்ணோக்கியே தேவைப்படாத ஒரு சோதனைக்குத் துணைநின்றார். 2005-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வாரனும் மார்ஷலும் பகிர்ந்துகொண்டார்கள். வாரன் 2024 ஜூலையில் பெர்த்தில் காலமானார்.

இனி இரண்டாம் குறைக்கு வருகிறேன். இது மையத்தின் பிழை இல்லை, சோதனையின் எல்லை. என் அறிக்கையில் ஓர் எண்ணும் ஒரு சொல்லும் மட்டுமே இருந்தன. கிருமி இருக்கிறது என்று அது சொன்னது. அந்தக் கிருமி என் இரைப்பையை இத்தனை ஆண்டுகளில் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை, திறக்கவும் முடியாது.

இந்த வேறுபாடு என் மனைவியின் மூலம் எனக்குக் கண்கூடானது. இரும்புச்சத்துக் குறைவுக்குக் காரணம் தேடி அவருக்கு எண்டோஸ்கோபி செய்தார்கள். எடுத்த திசுவில் ஒரு துணுக்கை மஞ்சள் நிறக் களிமத்தில் வைத்தார்கள். அதுவும் யூரியேஸ் அடிப்படையிலான சோதனைதான், கிருமி இருந்தால் களிமம் இளஞ்சிவப்பாகிவிடும். மார்ஷல் வடிவமைத்த அந்தச் சோதனைக்கு குளோடெஸ்ட் என்று பெயர். நாங்கள் வீடு திரும்புவதற்குள் நிறம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றத் துணுக்குகள் நோயியல் ஆய்வகத்துக்குப் போயின. ஒரு வாரம் கழித்து வந்த அறிக்கை முக்கால் பக்கம் இருந்தது: இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் நாட்பட்ட அழற்சி, சுரப்பிகள் தேய்ந்திருக்கும் இடங்கள், இரைப்பைச் சவ்வு குடற்சவ்வுபோல மாறியிருக்கும் திட்டுகள், உயிரணுக்களில் புற்றுநோய்க்கு முந்தைய பிறழ்வு எதுவும் இல்லை. எனக்கு ஒரு சொல்லில் கிடைத்த விடைக்கும் அவருக்குக் கிடைத்த இந்த விவரிப்புக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

அந்தத் திட்டுகள் ஏன் கவனத்துக்குரியவை என்பதை விளக்கியவர் இன்னொரு நோயியல் வல்லுநர், கொலம்பியாவில் பிறந்த பெலாயோ கொர்ரேயா. நாட்பட்ட அழற்சி, சுரப்பித் தேய்வு, குடற்சவ்வு மாற்றம், உயிரணுப் பிறழ்வு, கடைசியாகப் புற்றுநோய் என்று படிப்படியாக, பல பத்தாண்டுகளில் இரைப்பை மாறுவதை அவர் 1970-களிலிருந்து எழுதி வந்தார். அந்தப் படிக்கட்டின் முதல் படியில் நம்மை ஏற்றிவிடுவது பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாதான் என்பது பிறகு தெளிவானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணியாக அறிவித்தது. 2001-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில், சராசரியாக 7.8 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட 1,526 பேரில், தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொற்றில்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. தொற்றுள்ள பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டு நாள் தூங்காமல் இருந்த எனக்கு அதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். லண்டனில் பீட்டர் ஐசக்சனும் அவரது குழுவினரும் 1993-இல் காட்டியது இன்னும் வியப்பானது: இரைப்பையில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய், கிருமியை ஆன்டிபயாடிக் கொடுத்து நீக்கியதுமே, ஆறு நோயாளிகளில் ஐவரிடம் திசுவில் காணாமல் போனது. இவை எல்லாமே பலூனில் பிடிபடாத செய்திகள், கண்ணாடித் தகட்டில் வாசிக்கப்பட்டவை.

ஆகவே என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. வயது குறைந்தவராக, எடைக் குறைவு, கறுத்த மலம், விழுங்கும்போது தடை, இரத்தச்சோகை, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் போன்ற எச்சரிக்கைகள் எதுவும் இல்லாதவராக இருந்தால், எண்டோஸ்கோபிக்கு முன்பாக இந்தச் சோதனையைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். சிகிச்சைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று அறிவதற்கோ இதற்கு இணையாக மலச் சோதனையை மட்டுமே சொல்ல முடியும். இரத்தப் பரிசோதனை அதற்கு உதவாது, ஏனெனில் கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள்கள் மாதக்கணக்கில் இரத்தத்தில் இருந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்றேனும் உள்ளவர், குழாயைத் தவிர்க்கலாம் என்ற ஆசையில் பலூனைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சேகரிப்பு மையத்தைத் தேர்வதில் ஒரே ஓர் அளவுகோல் போதும் என்பேன்: முன்பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போதே, நீங்கள் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத இடத்துக்கு நான் மறுபடி போகவில்லை.

இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் ஓர் அமிலக் குறைப்பு மாத்திரையும் சேர்ந்த சிகிச்சையை முடித்தேன். வாயில் உலோகக் கசப்பு மட்டும் அந்த நாட்கள் முழுவதும் இருந்தது. ஆறு வாரங்கள் கழித்து மூன்றாம் முறை பலூனை ஊதினேன். எண் 50-க்குக் கீழே இறங்கியிருந்தது. மனைவியின் மூச்சுச் சோதனையும் அதே வாரத்தில் அதே விடையைத் தந்தது. ஆனால் திட்டுகள் இரைப்பையின் இரு பகுதிகளிலும் பரவியிருந்ததால், மூன்று ஆண்டுகளில் அவர் மீண்டும் எண்டோஸ்கோபிக்கு வர வேண்டும் என்று இரைப்பைக் குடல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தச் சோதனை இல்லை. என் இரைப்பையில் அப்படித் திட்டுகள் உண்டா என்பது மூச்சுச் சோதனை சொல்லாத விஷயம் ஆயிற்றே என்று குடும்ப மருத்துவரிடம் கேட்டு வைத்தேன். ஐம்பது வயது ஆனதும் அதைப் பற்றிப் பேசலாம் என்று என் கோப்பில் குறித்துக்கொண்டார்.